வளையும் பிளாஸ்டிக் ஸ்டாக்: அறிகுறி பார்த்து வைத்தியம்

"மாமா, நேத்து எல்லாம் நடுவுல விழுந்துச்சு. இன்னைக்கும் அதே மாதிரிதான் புடிச்சேன். மொத்தமும் வலது பக்கம் போயிடுச்சு."

என் அக்கா மகள் வாரத்துக்கு மூன்று நாள் ஏர் ரைஃபிள் பயிற்சிக்குப் போகிறாள். நான் துப்பாக்கிக்காரன் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் பல வருஷம் ஃபைபர் மோல்டிங் வேலை பார்த்தவன். அவள் ரைஃபிளை வாங்கி, இடது கை தாங்குகிற முன்பகுதியை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தேன். சுவர் உள்ளே போய்த் திரும்பி வந்தது. குளியலறை மக்கு கூட அதைவிடக் கெட்டியாக இருக்கும். அன்றிலிருந்து அவளோடு பயிற்சி செய்யும் பிள்ளைகளின் ஸ்டாக்குகளையும் (துப்பாக்கியின் இரும்புப் பாகங்களைத் தாங்கும் பிளாஸ்டிக் உடல்) ஒவ்வொன்றாகப் பார்த்து, அவரவர் வீட்டில் அவரவர் கையாலேயே சரிசெய்ய வைத்திருக்கிறேன். அதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இது ஏர் ரைஃபிளுக்கு மட்டும். உரிமம் பெற்ற .22 போன்ற வெடிமருந்துத் துப்பாக்கி என்றால் 1959ஆம் வருஷ ஆயுதச் சட்டத்தின் கீழ் வருகிறது. மற்றவர்களுக்காக அதைப் பழுதுபார்க்கவே தனி உரிமம் வேண்டும். அதை உரிமம் உள்ள பணிமனைக்குக் கொண்டுபோங்கள்.

முதலில் எங்கே வளைகிறது என்று பாருங்கள்

எல்லோரும் செய்கிற தவறு, உள்ளே காலியாக இருக்கிறதே என்று எடுத்ததும் ரெசின் (ஊற்றினால் இறுகிக் கெட்டியாகும் பிசின்) ஊற்றுவது. நானும் முதல் ஸ்டாக்கில் அதைத்தான் செய்தேன். ஒரு மாதம் கழித்துக் கழற்றியபோது ரெசின் முழுக் கட்டியாகக் கையோடு வந்துவிட்டது, இட்லித் தட்டிலிருந்து இட்லி வருவது போல. சுவரில் ஒட்டியதற்கு அடையாளமே இல்லை.

காரணம் பிளாஸ்டிக்கின் வகை. விலை குறைந்த ஸ்டாக்குகளில் பல பாலிபுரொப்பிலீன். வீட்டுப் பக்கெட், டிபன் டப்பா செய்கிற அதே குடும்பம். அதன் மேற்பரப்பில் சாதாரணப் பசை எதுவும் பரவாது, வாழை இலையில் தண்ணீர் உருள்வது போல உருண்டு நிற்கும். கொஞ்சம் விலை கூடிய ஸ்டாக்குகள் கண்ணாடி இழை கலந்த நைலான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் எப்பாக்சி என்ற ரெசின் அதைப் பிடித்துக்கொள்ளும்.

உங்களுடையது எது என்று கண்டுபிடிக்க, தோளில் பதியும் பின்மூடியான பட் பிளேட்டைக் கழற்றி உட்பக்கம் பாருங்கள். சில அச்சுகளில் >PP< (பிபி) என்றோ >PA< (பிஏ) என்றோ ஆங்கில எழுத்து இருக்கும். பிபி என்றால் பாலிபுரொப்பிலீன், பிஏ என்றால் நைலான், பக்கத்தில் ஜிஎஃப்30 என்று இருந்தால் 30 சதவீதம் கண்ணாடி இழை. எழுத்து இல்லையென்றால் உள்விளிம்பில் பிளேடால் ஒரு சீவல் எடுத்து, ஒரு சொட்டு பாத்திரம் தேய்க்கும் சோப்பு கலந்த தண்ணீரில் போட்டு அமுக்கி விடுங்கள். மேலே மிதந்து வந்தால் இழை கலக்காத பாலிபுரொப்பிலீன். அதன் அடர்த்தி 0.9 தான். மூழ்கினால் நைலானாகவோ இழை கலந்த வேறு பிளாஸ்டிக்காகவோ இருக்கலாம். சந்தேகம் என்றால் ஒட்டாது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். ஒட்டாத பிளாஸ்டிக்கில் ரெசினைப் பூட்டத்தான் முடியும். கீழே வரும் வேலை முழுவதும் அந்தப் பூட்டுவதைப் பற்றித்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு. கெட்டியான எப்பாக்சி, வெறும் பாலிபுரொப்பிலீனைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விறைப்புதான். அலுமினியம் எப்பாக்சியைவிட இருபது மடங்குக்கும் மேல், எஃகு அறுபது மடங்குக்கும் மேல். அதனால் விறைப்பைத் தருவது உள்ளே வைக்கும் கம்பியும் பட்டையும். ரெசின் அவற்றைச் சுவரோடு கட்டிவைக்கும் சிமென்ட் மாதிரி. ரெசினை மட்டும் நிரப்பினால் கனம் கூடும், வளைவு அவ்வளவாகக் குறையாது.

வேலைக்கு முன்னால் ஓர் அளவு எடுத்து வையுங்கள். பேரல், ஸ்பிரிங், டிரிகர் சேர்ந்த இரும்புப் பகுதியான ஆக்‌ஷனைக் கழற்றிய வெறும் ஸ்டாக்கை, கைப்பிடி வரை மேசை மேல் வைத்துத் துணி சுற்றிக் கிளாம்ப் போடுங்கள். முன்பகுதி மேசைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். அதன் நுனியில் 1 லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டு, எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று பக்கத்தில் ஸ்கேல் நிறுத்திக் குறித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து அதே பாட்டிலில் இறக்கம் பாதிக்கும் கீழே வந்திருக்க வேண்டும். இந்த அளவு இல்லாமல் "கெட்டியானது போலத் தெரிகிறது" என்று சொல்வதை நான் நம்புவதில்லை.

அறிகுறி: கை வைக்கும் இடம் மாறினால் குண்டு விழும் இடமும் மாறுகிறது

அக்கா மகளுக்கு வந்தது இதுதான். ஸ்பிரிங் ரைஃபிள் வைத்திருப்பவர்களில் பலருக்கும் வருவதும் இதுதான்.

ஸ்பிரிங் ரைஃபிளில் டிரிகரை அழுத்தியதும் பிஸ்டன் முன்னே பாய்கிறது, துப்பாக்கி பின்னே நகர்கிறது. பிஸ்டன் காற்றை அழுத்தி நிற்கும்போது துப்பாக்கி முன்னே உதைக்கிறது. இவ்வளவும் பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு) பேரலை விட்டு வெளியேறுவதற்குள் நடந்துவிடுகிறது. 40 செ.மீ. நீளப் பேரலின் நுனி அந்த நேரத்தில் 0.04 மி.மீ. சாய்ந்தால் போதும், 10 மீட்டரில் குண்டு 1 மி.மீ. தள்ளி விழும். சாதாரண ஜெராக்ஸ் தாள் ஒன்றின் பாதித் தடிமன்கூட இல்லை இது. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் டார்கெட்டில் நடுப்புள்ளி 0.5 மி.மீ. தான் என்று நினைத்துப் பார்த்தால், விரல் பட்டால் உள்ளே போகிற சுவர் எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

ஆனால் குற்றம் ஸ்டாக்கினுடையதா, பிடியினுடையதா? இறுக்கிப் பிடித்தால் எந்த ஸ்பிரிங் ரைஃபிளும் இடம் மாற்றிச் சுடும். எனவே இப்படிச் சோதியுங்கள். முன்பகுதியின் அடியில் மூன்று இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள்: டிரிகர் கார்டுக்குச் சற்று முன்னே, நடுவில், நுனியில். ஒவ்வோர் இடத்திலும் உள்ளங்கையைத் திறந்து வைத்து, விரல் மடக்காமல், ரைஃபிள் அதன் மேல் சும்மா கிடக்கும்படி ஐந்து ஐந்து குண்டு சுடுங்கள். பிறகு அதே மூன்று இடத்தில் விரல்களை மடக்கிப் பக்கச் சுவரைப் பிடித்துச் சுடுங்கள்.

திறந்த கையில் மூன்று குரூப்பும் (ஐந்து ஐந்து துளைக் கொத்து) ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்து, பிடித்தபோது மட்டும் சிதறினால் பக்கச் சுவர் நசுங்குகிறது. திறந்த கையிலேயே நுனிக்குப் போகப் போக குரூப் மேலும் கீழும் நகர்ந்தால் முன்பகுதி மொத்தமாக வளைகிறதோ என்று முதலில் சந்தேகப்படுங்கள். தண்ணீர் பாட்டில் அளவு அதற்குச் சாட்சி சொல்லும். எல்லா இடத்திலும் எப்படிச் சுட்டாலும் சிதறினால் ஸ்டாக்கை விட்டுவிடுங்கள். திருகு, ஸ்கோப் மவுன்ட், பெல்லட் இவற்றைப் பாருங்கள்.

ஸ்டாக்தான் என்று தெரிந்தால், வேலை இது.

*பிரிப்பதும் வழி பார்ப்பதும்.* பேரலை மடக்கி இழுக்கும் ரைஃபிளில் முன்பகுதியின் நடுவே ஒரு நீண்ட பிளவு இருக்கும். மடக்கும்போது காக்கிங் ஆர்ம் என்கிற இரும்புக் கை அதற்குள் வந்து போகும். அந்த வழியை அடைத்துவிட்டால் ரைஃபிளே மடங்காது. அதனால் ஆர்ம் எங்கே போகிறது என்று முதலில் தெரிய வேண்டும். ஆர்மின் இரு பக்கமும் சாக்பீஸ் பொடியைத் தண்ணீரில் குழைத்துத் தடவி, காயவிட்டு, ரைஃபிளை ஒருமுறை மடக்கி, பெல்லட் போட்டு, டார்கெட் பெட்டியில் சுட்டுவிடுங்கள். பெல்லட் இல்லாமல் வெறுமனே சுடாதீர்கள். பிஸ்டன் நேரே முட்டிக் கெட்டுப்போகும். பிறகு பேரலில் எதுவும் இல்லை, ஸ்பிரிங் இழுபட்ட நிலையில் இல்லை என்று இரண்டு முறை பார்த்து, முன் பக்கத் திருகுகளையும் டிரிகர் கார்டு திருகையும் கழற்றுங்கள். ஸ்டாக்கின் உள்சுவரில் வெள்ளை பட்ட இடம் ஆர்மின் வழி. அதற்கு 2 மி.மீ. தள்ளித்தான் நம் வேலை. ஆக்‌ஷனைத் தொடவே வேண்டாம். ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தோடு இருக்கிறது, அதைப் பிரிப்பது இந்த வேலையில் சேராது.

*பொருள் வாங்குவது.* பாரிமுனையில் நைனியப்ப நாயக்கன் தெருப் பக்கம் ரசாயனக் கடைகள் உண்டு. அங்கே போய் "ரெசின்" என்று மட்டும் கேட்டால் பாலியெஸ்டர் ரெசினை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஃபைபர் தொழிலில் ரெசின் என்றாலே அதுதான். அது நமக்கு வேண்டாம். இறுகும்போது நன்றாகச் சுருங்கும், சுருங்கினால் பூட்டு தளரும், ஸ்டைரீன் நாற்றம் வீட்டில் நாள் கணக்கில் நிற்கும். அதை இறுகவைக்க அதோடு தருகிற கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் தவறி நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். என்னிடம் வேலை கற்க வரும் பையன்களுக்கு முதல் நாள் சொல்லித் தருவது அதைத்தான். "எப்பாக்சி, மெதுவாக இறுகும் ஹார்டனர்" என்று தெளிவாகக் கேளுங்கள். ஹார்டனர் என்பது எப்பாக்சியோடு கலந்து அதை இறுகவைக்கும் பொருள். கூடவே ஏரோசில் என்ற வெள்ளைப் பொடி கொஞ்சம். ரெசினைக் கெட்டித் தயிர் பதத்துக்குக் கொண்டுவர அது வேண்டும். நறுக்கிய கண்ணாடி இழை ஒரு கைப்பிடி. அலுமினியப் பட்டைக்கு ஜன்னல் பிரேம் செய்யும் கடையில் வெட்டு மிச்சம் கேட்டுப் பாருங்கள். 3 மி.மீ. தடிமன், 10 அல்லது 12 மி.மீ. அகலம் போதும்.

ஐந்து நிமிஷத்தில் இறுகும் பசை இந்த வேலைக்கு ஆகாது. ஊற்றி முடிப்பதற்குள் பிடித்துக்கொள்ளும், சூட்டில் சீக்கிரம் இளகவும் செய்யும். குழாய் ஒழுகலை அடைக்கும் எம்-சீல் சின்ன இடத்துக்கு உதவும், முழு ஸ்டாக்குக்குப் பத்தாது. பியூ ஃபோம் என்கிற பாலியூரித்தேன் நுரை உப்பும்போது மெல்லிய சுவரை வெளியே தள்ளிவிடும், விறைப்பும் தராது. அதை முன்பகுதிக்குள் போடவே போடாதீர்கள்.

*பூட்டு போடுவது.* அதிக நேரம் எடுக்க வேண்டிய இடம் இது. உள்ளே சோப்புத் தண்ணீர் விட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள், அச்சிலிருந்து எடுக்கத் தடவிய எண்ணெய் ஒட்டிக்கொண்டிருக்கும். நன்றாகக் காய்ந்ததும் 80ஆம் நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேயுங்கள். பிறகு உடைந்த ஹேக்சா பிளேடு ஒன்றால் குறுக்கும் நெடுக்கும் கோடு கிழியுங்கள். கோட்டை நேராகக் கிழிக்காமல், பிளேடைச் சாய்த்து, ஒரு வரிசை இந்தப் பக்கம், அடுத்த வரிசை அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும்படி கிழியுங்கள். ரெசின் அந்தச் சாய்ந்த பள்ளத்துக்குள் போய் இறுகினால் நேராகப் பிய்ந்து வராது.

உள்ளே குறுக்கே நிற்கும் ரிப்கள் (மெல்லிய தடுப்புச் சுவர்கள்) நமக்குக் கிடைத்த வரம். ஒவ்வொரு ரிப்பிலும் 3 மி.மீ. டிரில்லால் மூன்று நான்கு துளை போடுங்கள். வெளிச்சுவர் பக்கம் போகாதபடி டிரில் பிட்டில் டேப் சுற்றி ஆழம் குறித்துக்கொள்ளுங்கள். ரெசின் ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குத் துளை வழியாகப் போய் இறுகும்போது ஒவ்வொரு துளையும் ஒரு ரிவெட். இதைச் செய்த ஸ்டாக்கில் ரெசினைப் பிய்க்க வேண்டுமென்றால் ரிப்பை உடைத்தாக வேண்டும். கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்கைத் தேய்க்கும்போது முகமூடி கட்டாயம், தூசி நுரையீரலுக்கும் தோலுக்கும் நல்லதில்லை. மொட்டைமாடியில் செய்யுங்கள், காற்றுக்கு முதுகு காட்டி.

அலுமினியப் பட்டையை இரு பக்கச் சுவரை ஒட்டி, அதன் அகலம் மேலும் கீழுமாக நிற்கும்படி வையுங்கள். படுக்க வைத்தால் பயன் பெரிதாகக் குறையும். ஒரு ஸ்கேலைப் படுக்க வைத்து வளைத்துப் பாருங்கள், நிறுத்தி வைத்து வளைத்துப் பாருங்கள், அதேதான் இதுவும். ரிப் குறுக்கே வந்தால் அதில் பட்டையின் அளவுக்கு மட்டும் காடி வெட்டுங்கள், ரிப்பை முழுக்க எடுத்துவிடாதீர்கள். பட்டையிலும் 50 மி.மீ.க்கு ஒரு துளை போட்டு அரத்தால் சொரசொரப்பாக்குங்கள். சாக்பீஸ் படாத முன்நுனியில் இடமிருந்தால் இரண்டு சுவரையும் இணைக்கும் ஒரு குறுக்குத் துண்டு வையுங்கள். சுவர் நசுங்குவதை அந்த ஒரு துண்டு பட்டைகளைவிட நன்றாகத் தடுக்கும்.

*ஊற்றுவது.* சென்னையில் இதற்கு நேரம் பார்க்க வேண்டும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் எப்பாக்சி இறுகும் நேரம் ஏறக்குறையப் பாதியாகும். டப்பாவில் 25 டிகிரிக்கு 30 நிமிஷம் என்று போட்டிருந்தால், மே மாதப் பகலில் உங்கள் மொட்டைமாடி அறையில் 15 நிமிஷம்கூடத் தாங்காது. கோடையில் நான் விடியற்காலையில்தான் கலக்குவேன். ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் வேறு தொல்லை, அதைக் கீழே சொல்கிறேன்.

ரெசினையும் ஹார்டனரையும் டப்பாவில் போட்டிருக்கும் விகிதப்படி, அது எடைக்கா கொள்ளளவுக்கா என்று பார்த்து, நகைக்கடைத் தராசு போன்ற சின்ன டிஜிட்டல் தராசில் அளந்து கலக்குங்கள். ஹார்டனர் கூடப் போட்டால் சீக்கிரம் இறுகும் என்பது பாலியெஸ்டர் பழக்கம். எப்பாக்சியில் அப்படிச் செய்தால் கடைசி வரை சரியாக இறுகாது. ஒரு தடவைக்கு 50 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள். கலக்கியதை டம்ளரிலேயே விட்டால் தன் சூட்டில் தானே கொதித்துப் புகை விடும். அகலத் தட்டில் பரப்பினால் நேரம் கூடக் கிடைக்கும். கையுறை போடுங்கள். எப்பாக்சி ஒருமுறை தோலுக்கு ஒவ்வாமல் போய்விட்டால் வாழ்நாள் முழுக்க ஒவ்வாது, அப்படிப் பட்டறையை விட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும்.

முதலில் பொடி கலக்காத ரெசினை பிரஷ்ஷால் கீறல்களுக்குள் தேய்த்து ஏற்றுங்கள். அதன்மேல் ஏரோசிலும் இழையும் கலந்த கெட்டி ரெசினை வைத்துப் பட்டைகளைப் பதியுங்கள். 1 செ.மீ. ஆழத்துக்கு மேல் ஒரே தடவையில் நிரப்ப வேண்டாம். ஒரு பூச்சு இறுகிச் சூடு ஆறியபின் அடுத்தது. திருகுத் துளைகளையும் ஆர்ம் வழியையும் பிள்ளைகள் விளையாடும் கலர் களிமண்ணால் முன்பே அடைத்துவிடுங்கள்.

ஊற்றும்போது ஸ்டாக் எப்படி நிற்கிறதோ அப்படியே இறுகும். ஒரு பக்கம் கிளாம்ப் இழுத்தபடி இறுகினால் அந்தக் கோணல் நிரந்தரம். அதனால் கிளாம்ப் போடாமல், அரிசி நிரப்பிய துணிப்பையில் பள்ளம் செய்து அதில் படுக்க வைத்து, இரண்டு விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். 24 மணி நேரம் தொடாதீர்கள். பயிற்சிக்குக் கொண்டுபோக ஒரு வாரம் பொறுங்கள்.

அறிகுறி: ஒரு பெட்டி பெல்லட் சுடுவதற்குள் திருகு தளர்ந்துவிடுகிறது

திருகின் தலையிலும் ஸ்டாக்கிலும் சேர்த்து நெயில் பாலிஷால் ஒரு கோடு போடுங்கள். சுட்டபின் கோடு விலகியிருந்தால் திருகு சுழல்கிறது. அதற்கு நீல நிற திரெட் லாக்கர் (திருகின் புரியைப் பிடித்து வைக்கும் பசை) ஒரு சொட்டு போதும். சிவப்பு வேண்டாம், சூடாக்காமல் கழற்ற முடியாது.

கோடு விலகவில்லை, ஆனாலும் ஆக்‌ஷன் ஆடுகிறது என்றால் பிளாஸ்டிக் அமுங்கிக்கொண்டே போகிறது. தொடர்ந்து அழுத்தினால் மெல்ல மெல்ல நகர்வது பிளாஸ்டிக்கின் குணம். இன்னும் இறுக்கினால் இன்னும் அமுங்கும், ஒருநாள் சுவர் விரிசல் விடும். இங்கேயும் அதே வழிதான், பிளாஸ்டிக்கை நம்பாமல் உலோகத்தை நம்ப வேண்டும். திருகுத் துளையைப் பெரிதாக்கி, அதில் பித்தளைக் குழாய்த் துண்டு ஒன்றைச் சுவரின் தடிமனுக்குச் சரியாக அறுத்து, வெளிப்பக்கம் விளிம்பு மடக்கி, எப்பாக்சியில் பதியுங்கள். லேத் பட்டறையில் சொன்னால் நான்கு துண்டு சேர்த்துக் கடைந்து தருவார்கள். இனித் திருகின் தலை பித்தளையை அழுத்தும், பித்தளை ஆக்‌ஷனை அழுத்தும், நடுவில் பிளாஸ்டிக் அமுங்க இடமில்லை. பல ஸ்டாக்குகளில் வளைவு என்று நினைத்தது இதுதான். ஒரு பையனின் ரைஃபிளில் நான்கு பித்தளைத் துண்டோடு வேலை முடிந்தது, ரெசின் டப்பாவைத் திறக்கவே இல்லை.

அறிகுறி: மடக்கும்போது கிறீச்சென்று உரசுகிறது

ஆர்ம் சுவரில் உரசுகிறது. சாக்பீஸ் சோதனை செய்து, பட்ட இடத்தை மட்டும் அரத்தால் சீவுங்கள். கை அழுத்தும்போது மட்டும் உரசினால் சுவர் நசுங்குவதுதான் காரணம், குறுக்குத் துண்டு வையுங்கள்.

அறிகுறி: பட் பகுதி காலி டப்பா போல ஒலிக்கிறது, கன்னம் வைத்தால் முறுக்குகிறது

ஒலிப்பது மட்டும் பிரச்சினை என்றால் அது பிழை இல்லை, காதுக்குத்தான் உறுத்தல். பட் பிளேட்டைக் கழற்றி, உள்ளே ஃபோம் துண்டுகளை நெருக்கமாகத் திணித்தால் சத்தம் அடங்கும்.

முறுக்குவது வேறு. மூடி இல்லாத செருப்புப் பெட்டியை இரு முனையிலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், துணி போல முறுக்கும். மூடியை வைத்துச் சுற்றிலும் டேப் ஒட்டி முறுக்குங்கள், அசையாது. ஒரு பக்கம் திறந்த எந்தப் பெட்டியும் முறுக்குக்குத் தோற்கும். பட்டின் திறந்த பின்பக்கத்தை பட் பிளேட் இரண்டே திருகில் தாங்குகிறது. அங்கே உள்விளிம்பை ஒட்டி 6 மி.மீ. பிளைவுட் துண்டு ஒன்றைச் சரியாக வெட்டி, விளிம்பில் சாய்ந்த கீறலும் துளையும் போட்டு எப்பாக்சியில் பதித்தால் பெட்டிக்கு மூடி கிடைத்துவிடும்.

கைப்பிடி சேரும் கழுத்து வளைகிறது என்றால் உள்ளே நீளவாக்கில் கம்பி போடலாம். இங்கே எடை பாருங்கள்: 8 மி.மீ. தடிமன், 30 செ.மீ. நீள எஃகுக் கம்பி ஏறக்குறைய 118 கிராம், அதே அளவு அலுமினியம் 41 கிராம். மெலிந்த கம்பிக்கு இறங்கிவிடாதீர்கள். உருண்டைக் கம்பியில் 6 மி.மீ.யைவிட 8 மி.மீ. மூன்று மடங்குக்கும் மேல் விறைப்பு. பின்கனம் கூடினால் ரைஃபிளின் மூக்கு தூக்கும். எந்த எடை சேர்த்தாலும் நிற்கிற நிலையில் பிள்ளை தூக்கிப் பார்த்து "சரி மாமா" என்று சொன்ன பிறகே ரெசின் கலக்குங்கள். போட்டிக்குப் போகிற ரைஃபிள் என்றால் 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்கு 5.5 கிலோ உச்சவரம்பு என்பதையும் நினைவில் வையுங்கள்.

அறிகுறி: பிசிபி ரைஃபிள், மணல் பையில் வைத்தால் ஒரு இடம், கையில் பிடித்தால் வேறு இடம்

காற்றுச் சிலிண்டர் வைத்த ரைஃபிளில் ஆர்ம் இல்லை, பிளவும் இல்லை. அதனால் வேலை சுலபம். இங்கே முதல் கேள்வி, முன்பகுதி வளைந்து சிலிண்டரையோ பேரலையோ தொடுகிறதா என்பது. இரண்டு தாளை ஒன்றாக மடித்து இடைவெளியில் நுழைத்து, நுனியிலிருந்து திருகு வரை இழுத்துப் பாருங்கள். பிறகு நுனியை மணல் பையில் வைத்து, மேலிருந்து சுடும்போது கொடுக்கும் அளவுக்கு அழுத்தி மறுபடி இழுங்கள். முதலில் வந்த தாள் இப்போது மாட்டிக்கொண்டால் குற்றவாளி கிடைத்துவிட்டது.

இடம் தாராளமாக இருப்பதால் அடியில் ஒரு பட்டையோ 8 மி.மீ. அலுமினியக் கம்பியோ முழு நீளத்துக்கும் பதிக்கலாம், மேலே சொன்ன அதே கீறல், துளை, பூட்டு வேலைதான். சிலிண்டரைத் துளைக்கவோ, அறுக்கவோ, ரெசின் இறுகச் சூடுகாட்டவோ கூடாது. அதைக் கழற்றித் தூரத்தில் வைத்துவிட்டு ஸ்டாக்கை மட்டும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

வேலை செய்த பிறகு வரும் பிழைகள்

ஒரு வாரம் கழித்து மேல்பரப்பு பிசுபிசுக்கிறது. விரல் நகம் பதியாமல் மேலே மட்டும் மெழுகுப் பிசுக்கு இருந்தால் அது மழைக்கால ஈரக்காற்று செய்த வேலை. ஹார்டனர் காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே படிகிறது. வெதுவெதுப்பான தண்ணீரும் நார் ஸ்க்ரப்பரும் போட்டுக் கழுவித் துடைத்தால் போய்விடும். தின்னர் போட்டுத் துடைத்தால் பரவத்தான் செய்யும். அடுத்த பூச்சுக்கு முன் கட்டாயம் கழுவித் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பூச்சும் ஒன்றோடொன்று ஒட்டாது. நகம் பதிகிறது, ரப்பர் போல இருக்கிறது என்றால் அளவு தவறிவிட்டது. காத்திருந்து பயனில்லை, சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி செய்யுங்கள்.

உள்ளே கடகடவென்று ஆடுகிறது. ரெசின் பிய்ந்துவிட்டது. கட்டியை வெளியே எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அதன் முதுகு கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும். கீறல் போதவில்லை என்று அர்த்தம். கட்டியை வீசாதீர்கள். சுவரில் துளையும் கீறலும் ஆழமாகப் போட்டு, கட்டியின் முதுகையும் அரத்தால் சொரசொரப்பாக்கி, புது ரெசின் தடவி அதே இடத்தில் பதியுங்கள்.

ஆக்‌ஷன் ஸ்டாக்கில் ஒட்டிக்கொண்டது. ஆக்‌ஷனைப் பொருத்தியபடியே ரெசினை அதன் வடிவத்துக்குப் படிய வைக்க நினைப்பவர்களுக்கு இது நடக்கும். அப்படிச் செய்வதானால் இரும்பு முழுவதும் நிறமில்லாத ஷூ பாலிஷ் மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்து துணியால் தேய்த்த பிறகு. திருகுகளின் புரிக்கும் அதே. ஒரு புள்ளி விட்டாலும் அங்கே பிடிக்கும். பிடித்துவிட்டால் சுத்தியல் எடுக்காதீர்கள். ஹேர் டிரையரால் இரும்புப் பக்கத்தை மெல்லச் சூடாக்கி, கை தாங்கும் சூட்டுக்கு மேல் போகாமல், ஆட்டி ஆட்டி எடுங்கள். ரெசின் சூட்டில் கொஞ்சம் இளகிக் கொடுக்கும்.

காலையில் ஒரு இடம், உச்சி வெயிலில் ஒரு இடம். வண்டியின் பின் சீட்டில் வெயிலில் கிடந்த கறுப்புப் பிளாஸ்டிக் நன்றாகவே இளகும், அதை ஆறவிடாமல் எடுத்தவுடன் சுடாதீர்கள். நைலான் ஸ்டாக் என்றால் காற்றின் ஈரத்தைக் குடித்தும் இளகும். கடலோர ஊரில் இது தவிர்க்க முடியாதது. பட்டை உள்ளே இருந்தால் இரண்டின் பாதிப்பும் வெகுவாகக் குறைகிறது, முழுக்கப் போவதில்லை.

எல்லாம் முடிந்து பொருத்தும்போது, ஆக்‌ஷன் தன் எடையில் தானாக ஸ்டாக்கில் போய் உட்கார வேண்டும். திருகால் இழுத்து உட்கார வைக்க வேண்டியிருந்தால் ரெசின் எங்கோ முட்டுகிறது, சாக்பீஸ் தடவிக் கண்டுபிடித்துச் சீவுங்கள். முன் திருகு இரண்டையும் மாற்றி மாற்றிக் கால் சுற்றாக இறுக்குங்கள். மடக்கும்போது ஒரு கையால் பேரலை விடாமல் பிடித்தபடி, ஆர்ம் முழு வழியும் உரசாமல் போகிறதா என்று மெதுவாகப் பாருங்கள். சைட் பழைய இடத்தில் இருக்காது, மறுபடி நிறுத்த வேண்டும். முதல் ஐம்பது குண்டுக்குப் பிறகு நெயில் பாலிஷ் கோடுகளைப் பார்த்துவிட்டு, டேப் ஒட்டிய அந்த மூன்று இடச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அக்கா மகளின் பழைய டார்கெட் தாள்களை நான் இதற்காகவே எடுத்து வைத்திருந்தேன். புதுத் தாளை அவற்றின் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது, நுனியில் பிடித்துச் சுட்ட ஐந்து துளையும் நடுவில் பிடித்துச் சுட்ட துளைகளோடு கலந்து ஒரே கொத்தாக இருந்தன.